நாறாத தொட்டி

காய்ச்சல் வந்தது, போனது. போகும்போது என் வாசனையையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. மூக்கு இருந்த இடத்தில்தான் இருந்தது. சளி இல்லை, அடைப்பு இல்லை, மூச்சு சீராகத்தான் வந்தது. ஆனால் குளியலறையில் நின்று முகத்துக்குச் சோப்புப் போடும்போது, கையில் இருப்பது சோப்பா கூழாங்கல்லா என்று தெரியவில்லை. மூக்கோடு ஒட்டவைத்து ஒரு இழுப்பு இழுத்தேன். நுரை உள்ளே போய்த் தும்மல்தான் வந்தது.

வேறு யாருக்காவது இப்படி ஆகியிருந்தால் வீட்டில் சொல்லியிருப்பார்கள், டாக்டரிடம் போயிருப்பார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. என் வேலை அப்படி. குழந்தைகள் காப்பகம் ஒன்றில் நான்தான் சமையல். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போகிற வீடுகளிலிருந்து, காலையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து சேரும் சின்னஞ்சிறுசுகள். இது கெட்டது, இது ஆகாது என்று சொல்லத் தெரியாத வயது. கொடுத்ததைக் குடிக்கும், ஊட்டியதை விழுங்கும். பால் திரிந்ததா, முட்டை அழுகியதா, வெண்ணெய் காறிவிட்டதா என்று சொல்வதெல்லாம் என் மூக்குதான். காப்பகத்தை நடத்தும் பெரிய மேடம் என்னை வேலைக்கு எடுத்ததே, வந்து இறங்கிய முட்டைப் பெட்டி ஒன்றை நான் திறக்காமலே திருப்பி அனுப்பியதைப் பார்த்துவிட்டுத்தான். மூக்கில்லாத சமையல்காரியை எந்தக் காப்பகம் வைத்துக்கொள்ளும்? எனக்கு வேறு வேலையும் தெரியாது. தெரிந்தாலும் போக மாட்டேன், அந்த அடுக்களை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

அதனால் ஏமாற்ற ஆரம்பித்தேன். பாலை ஒரு கரண்டியில் தனியாகச் சூடாக்கிப் பார்ப்பேன், திரிகிறதா என்று. முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பேன், மிதக்கிறதா என்று. வெண்ணெயை ஆயாம்மாவின் மூக்குக்கு நேராக நீட்டி, "இது எப்படி இருக்கு, சொல்லுங்க, எனக்கு ஒரே சளி" என்பேன். ஆயாம்மா குழந்தைகளைக் குளிப்பாட்டித் தூங்கவைப்பவர், நல்ல மனுஷி, கேட்டதைச் செய்வார். ஆனால் சளி என்று எத்தனை நாள்தான் சொல்வது?

வீட்டில் மாட்டிக்கொள்ள மாட்டேன் என்று நினைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க கிரீஸோடு குடித்தனம் நடத்துகிறவருக்கு மூக்கு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்பது என் கணக்கு. அந்த மனிதர் ஒரு சாயங்காலம் வீட்டுக்குள் வந்த வேகத்தில் வெளியே போனார்.

"என்னடி செத்துக் கிடக்குது உள்ள?"

"ஒண்ணும் சாகல. ஏன் கத்துறீங்க?"

பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே வைத்திருந்த குப்பைக் கூடைதான். வெங்காயத் தோலும் மீன் செதிலும் நேற்றைய சோறும் ஒன்றாகச் சேர்ந்து கூத்தடித்திருக்கின்றன. நான் அதற்குப் பக்கத்திலேயே நின்று, காலாட்டிக்கொண்டு டீ குடித்திருக்கிறேன். "மறந்துட்டேங்க" என்று சமாளித்து, கூடையைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கு ஓடினேன்.

அன்றைக்கே முடிவு செய்தேன். நாறக்கூடிய எதுவும் இனி என் வீட்டுக்குள் இருக்கக் கூடாது. குப்பை வண்டி நினைத்தால் வரும், நினைக்காவிட்டால் வராது. அதை நம்பிப் பிரயோஜனமில்லை. செல்போனில் தேடியபோது வீடியோ ஒன்றில் ஒரு பெண் வந்தாள். அடுக்களைக் கழிவை வீட்டிலேயே உரமாக்கலாம் என்றாள். ஒரு டிரம், பக்கவாட்டில் துளைகள், ஒரு அடுக்கு கழிவு, அதற்கு மேல் இரண்டு மடங்கு சருகு, அவ்வளவுதான். "துளிகூட நாற்றம் வராது, நல்ல மண்வாசனைதான் வரும்" என்று சிரித்தாள். அந்த ஒரு வரி எனக்குத் தேனாகக் காதில் பாய்ந்தது. அதற்குப் பிறகு அவள் பேசியதில் பாதியை நான் கேட்கவே இல்லை.

பெயிண்ட் டிரம் ஒன்றைக் கழுவிக் கொல்லைப்புறத்தில் வைத்தேன். துளை போட்டுத் தரட்டுமா என்று வீட்டுக்காரர் டிரில் மெஷினோடு வந்து நின்றார். வேண்டாம் என்றேன். என் மூளை வேலை செய்த அழகைப் பாருங்கள்: துளை போட்டால் நாற்றம் வெளியே வரும், வந்தால் ஊருக்கெல்லாம் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. ஆகவே துளை கிடையாது. மூடியை இறுக்கி மூடி, அதன்மேல் ஒரு செங்கல்லையும் ஏற்றி வைத்தேன். சருகுக்கு எங்கே போவது என்று அதையும் விட்டுவிட்டேன். தோல், தொலி, டீத்தூள், மிஞ்சின சோறு, தீய்ந்த பால், எல்லாவற்றையும் காலையில் மூடியைத் திறந்து கொட்டுவேன், மறுபடி மூடுவேன். அடுக்களை பளிச்சென்று இருந்தது. எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

நான் மறந்துபோனது மாடி ஜன்னலை.

மாடியில் கொழுந்தன் குடும்பம். கொழுந்தன் வாயில்லாப் பூச்சி. அவன் பெண்டாட்டி, அதாவது என் ஓரகத்தி, மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். மனசுக்குள் அவளுக்கு நான் வைத்திருந்த பெயர் மோப்பக்காரி. நான் கீழே எண்ணெய் காய வைத்தால், "என்னக்கா, எண்ணெய் மாத்திட்டீங்களா?" என்று மேலேயிருந்து குரல் வரும். என் வீட்டுக்காரர் கொல்லைப்புறத்தில் திருட்டுத்தனமாகச் சிகரெட் பிடித்ததை, அவர் ஊதி முடிப்பதற்குள் எனக்குச் சொன்னவள். அதற்காக நன்றி சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை, எரிச்சல்பட்டேன்.

முதலில் ஜாடைமாடையாகச் சொல்லிப் பார்த்தாள். "கொல்லையில பூனை ஏதாவது செத்துக் கெடக்காக்கா?" என்றாள். பிறகு ஜன்னலை அறைந்து சாத்தினாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இவளுக்கு நான் எது செய்தாலும் பொறுக்காது என்றுதான் நினைத்தேன். அவள் சாத்தச் சாத்த நானும் மூடியை வேண்டுமென்றே டமார் என்று திறந்தேன்.

ஒரு விடுமுறை நாள் காலை, எல்லாரும் வீட்டில். நான் மூடியைத் திறந்த கொஞ்ச நேரத்தில் அவள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கி வந்தாள். பின்னாலேயே கொழுந்தன்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. இந்த டிரம்மை என்ன பண்றதுன்னு ஒரு முடிவு பண்ணுங்க. சோறு இறங்க மாட்டேங்குது."

"என்னத்துக்கு? அது பாட்டுக்கு இருக்கு, உன்ன என்ன பண்ணுது?"

"நாறுதுக்கா."

"எங்க நாறுது? சும்மா எதையாவது சொல்லாத."

சத்தம் கேட்டு என் வீட்டுக்காரரும் பல் துலக்கிக்கொண்டே வந்து, வந்த இடத்திலேயே நின்றுவிட்டார். பிரஷ்ஷை வாயிலிருந்து எடுக்காமல் ஏதோ சொன்னார், புரியவில்லை. எனக்கு வீம்பு ஏறிவிட்டது. ஊரெல்லாம் சேர்ந்து என்னைப் பொய்க்காரி ஆக்குகிறதே என்ற ஆத்திரம். டிரம்முக்குள் தலையை விட்டேன். நன்றாகத்தான் விட்டேன், தோள் வரைக்கும். நெஞ்சு நிறைய இழுத்து மூச்சு விட்டேன். தலையை நிமிர்த்தி, ரோஜாத் தோட்டத்திலிருந்து திரும்பியவள் மாதிரி சொன்னேன்.

"நல்ல மண்வாசனைதான் வருது. வேணும்னா நீயே மோந்து பாரு."

கொழுந்தன் குழாயடிக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தான். நான் அப்போதுதான் டிரம்முக்குள் கண்ணால் பார்த்தேன். மூக்கை நம்பியிருந்த காலத்துப் பழக்கம், கண்ணால் பார்க்கத் தோன்றியதே இல்லை. சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று ஏதோ ஒன்று, அதன்மேல் தண்ணீர் தேங்கி, ஓரமெல்லாம் புழு நெளிந்தது. என் நெற்றி முடியில் அது கொஞ்சம் ஒட்டியும் இருந்தது.

"டேய், உங்க அண்ணியோட தைரியம் யாருக்கு வரும்!" என்று வீட்டுக்காரர் ஒருவழியாகப் பிரஷ்ஷை எடுத்துவிட்டுச் சிரித்தார். ஓரகத்தி சிரிக்கவில்லை. பொத்தியிருந்த துப்பட்டாவை மெல்ல இறக்கிவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடையில் கண்ணாடி மாட்டிவிட்டு, எழுத்து தெரிகிறதா என்று கேட்டுவிட்டுப் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"நீங்க ரெண்டு பேரும் உள்ள போங்க" என்றாள் ஆண்களிடம். அவள் குரலில் என்ன இருந்ததோ, மறுபேச்சு இல்லாமல் போய்விட்டார்கள்.

"அக்கா, உங்களுக்கு வாசனை தெரியலதானே?"

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. அதுக்குள்ள தலைய விட்டு யாராலயும் ஒரு நொடிகூட நிக்க முடியாது. காய்ச்சலுக்கு அப்புறமாவா?"

நான் அவளைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். வந்தது அழுகை. அப்படி ஒரு அழுகையை நான் அழுததே இல்லை. புழு ஒட்டின நெற்றியோடு, செங்கல்லின்மேல் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதேன். சோப்பிலிருந்து ஆரம்பித்து வெண்ணெய் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குப் பிடிக்காத ஒருத்தியிடம், யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனால் சொல்லச் சொல்ல நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. இத்தனை நாள் அதைச் சுமந்துகொண்டுதான் நடந்திருக்கிறேன் என்பதே இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

அவள் என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் யாருக்கும் நல்லதில்லை, நான் இருந்த கோலம் அப்படி. ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து என் தலையில் ஊற்றினாள். பிறகு, "மொதல்ல இந்தச் சனியனைச் சரி பண்ணுவோம்" என்றாள்.

டிரம்மைக் கவிழ்த்தோம். அதாவது, நான் கவிழ்த்தேன். எனக்கென்ன, எனக்குத்தான் நாறாதே. அவள் தூரத்தில் நின்று கட்டளை போட்டாள். தண்ணீரை வடித்தோம். வீட்டுக்காரர் டிரில் மெஷினோடு வந்து, நான் முதலில் வேண்டாம் என்றதற்கு இப்போது பழி தீர்ப்பவர் மாதிரி டிரம்மைச் சுற்றிலும் அடியிலும் துளையாகப் போட்டுத் தள்ளினார். கொழுந்தன் பக்கத்துப் பூங்காவைப் பெருக்குகிறவரிடம் சொல்லி இரண்டு சாக்குச் சருகு வாங்கி வந்தான். காசு கொடுத்தும் வாங்காமல், அள்ளிக்கொண்டு போனால் போதும் என்றாராம் அவர். கண்ணாடிக் கடையிலிருந்து ஓரகத்தி கொண்டுவந்த அட்டைப்பெட்டிகளை நான் துண்டு துண்டாகக் கிழித்தேன். சருகு, அட்டை, பழைய சேறு, மறுபடி சருகு என்று அடுக்கினோம். சோறும் பாலும் இனி அதற்குள் போகக் கூடாது என்று சட்டம் போட்டாள். செல்போன் பெண் சொன்னதில் நான் கேட்காமல் விட்ட பாதியை அவள் தேடிப் பார்த்துக் கேட்டிருந்தாள்.

அதன்பிறகு தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் அவள் கீழே வந்து டிரம்முக்கு மேல் குனிவாள். நான் பக்கத்தில் நிற்பேன்.

"புளிச்ச வாடை. அட்டை போடுங்க."

"இன்னிக்குப் பரவால்ல. அழுகின முட்டைக்கோஸ் மாதிரி இருக்கு, ஆனா நேத்தைக்கு இது தேவலாம்."

"இன்னிக்கு ஒண்ணும் இல்ல. சும்மா ஈரச் சாக்கு மாதிரி."

நான் என் பங்குக்குக் கையை விட்டுப் பார்ப்பேன். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது, கை மட்டும் ஈரமாக வேண்டும். கிளறிவிட்ட மறுநாள் உள்ளே கை வைத்தால் வெந்நீர் பாத்திரத்தைத் தொட்ட மாதிரி சூடு இருக்கும். முதல் தடவை அந்தச் சூட்டைத் தொட்டபோது பயந்து கையை இழுத்துக்கொண்டேன். "வேலை நடக்குதுக்கா" என்று அவள் சிரித்தாள். அவள் மூக்கும் என் கையும் சேர்ந்து ஒரு ஆள் மாதிரி ஆனோம். மோப்பக்காரி என்று நான் வைத்த பெயர் இப்போது செல்லப் பெயராகி, வெளியிலும் வந்துவிட்டது. அவள் கோபப்படவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் விடாக்கண்டியாக நின்றாள். "காப்பகத்துல சொல்லிடுங்கக்கா. குழந்தைங்க விஷயம்." நாளைக்கு என்றேன், அடுத்த வாரம் என்றேன். சொன்னால் வேலை போய்விடும் என்றேன். "போனா போகட்டும்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா சொல்லாம இருக்கிறதும் சரியில்லக்கா" என்றாள். நான் பேச்சை மாற்றினேன்.

அதற்குப் பதில் காப்பகத்திலேயே கிடைத்தது. மதியம் குழந்தைகள் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான் கஞ்சியை இறக்கிவிட்டு, மேடையைத் துடைத்துவிட்டு, முட்டைக்கோஸ் நறுக்க உட்கார்ந்தேன். பால் புட்டிகளோடு உள்ளே வந்த ஆயாம்மா வாசலிலேயே அலறினார்.

"ஐயையோ, கேஸ்! கேஸ் நாறுது! என்னம்மா உக்காந்திருக்க?"

மேடையைத் துடைத்தபோது துணி பட்டு அடுப்பின் திருகு திரும்பியிருக்கிறது. ஆயாம்மா ஓடிவந்து மூடினார், ஜன்னல்களைத் திறந்தார். நான் கத்தியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றேன். ஒன்றும் ஆகவில்லை. ஒரு குழந்தைகூட விழிக்கவில்லை. ஆனால் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம், பாயில் வரிசையாகக் கிடக்கும் அத்தனை தலைகளும் என் கண்ணுக்குள் வந்து நின்றன. ஆயாம்மாவிடம் சளி என்று சொல்ல வாய் வரவில்லை.

நேராகப் பெரிய மேடத்தின் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். இன்றோடு நின்றுகொள்கிறேன் மேடம் என்றும் நானே சொன்னேன்.

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவும் செய்தார். "வாய் இருக்குல்ல உனக்கு? காய்ச்சல் விட்டு வந்த அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல? சளியாம், சளி!" என்று ஆரம்பித்தார், நன்றாகவே வாங்கிக் கட்டிக்கொண்டேன். முடித்துவிட்டுச் சொன்னார்: "இனிமே அடுப்பு பத்தவைக்கிறது, அணைக்கிறது, பால் பாக்கிறது எல்லாம் ஆயாம்மா. நீ சமைக்கிறது மட்டும். டாக்டர்கிட்ட போ. புது வருஷச் சேர்க்கைக்கு முன்னாடி மூக்கு திரும்புதுன்னு ஒரு அறிகுறியாவது தெரியணும். இல்லன்னா நான் வேற ஆள் பாத்துதான் ஆகணும். அது உனக்கே தெரியும்."

எனக்குத் தெரியும். ஆனாலும் வாசலுக்கு வந்ததும் மூச்சு லேசாக வந்தது. இனி யாரிடமும் நடிக்க வேண்டாம். வேலை போனாலும் போகும், ஆனால் திருடி மாதிரி அந்த அடுக்களையில் நிற்க வேண்டாம்.

டாக்டரிடம் ஓரகத்திதான் கூட்டிக்கொண்டு போனாள். காது மூக்கு தொண்டை பார்க்கிறவர். உள்ளே விளக்கடித்துப் பார்த்தார், காகிதத் துண்டுகளை மோந்து பார்க்கச் சொன்னார், எல்லாம் எனக்குக் காகிதமாகவே இருந்தது. "திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். தினமும் ஏதாவது நாலு பொருளை மோந்து பழகுங்க. வேற மருந்து கிடையாது" என்றார். மருந்தில்லாத வியாதிக்கும் ஃபீஸ் வாங்கிக்கொண்டார்.

அதிலிருந்து நான் மோந்து பார்க்காத பொருள் இல்லை. காப்பித்தூள், எலுமிச்சம்பழம், கிராம்பு, வீட்டுக்காரரின் சட்டை. ஒன்றும் வரவில்லை. டிரம்மை மட்டும் கிளறிக்கொண்டே இருந்தேன். அது ஒன்றுதான் என் கையில் மாறிக்கொண்டிருந்தது. தோல் தோலாகத் தெரியவில்லை, முட்டை ஓடு மட்டும் அங்கங்கே வெள்ளையாகத் தெரிந்தது, பிறகு அதுவும் குறைந்தது. மொத்தமும் பாதியாக அமுங்கி, கறுப்பாகி, உதிரியாக ஆனது. மழை வந்து போனது. மேடம் ஒரு நாள் நேரடியாகக் கேட்டார், "ஏதாவது தெரியுதா?" இல்லை என்றேன். அவர் முகம் வாடியதை நான் பார்த்தேன். வேறு ஆளைப் பற்றி ஆயாம்மாவிடம் விசாரித்திருக்கிறார் என்பதும் என் காதுக்கு வந்தது. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. நானாக இருந்தாலும் விசாரித்திருப்பேன். ஆனால் அன்றைக்கு முட்டைக்கோஸ் நறுக்கும்போது ஒவ்வொரு நறுக்குக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டது, இதுதான் கடைசியோ, இதுதான் கடைசியோ என்று.

அந்த வாரக் கடைசியில் டிரம்மைக் காலி செய்யலாம் என்றாள் ஓரகத்தி. சாயங்கால வெயிலில் ஒரு பழைய விரிப்பின்மேல் கொட்டினோம். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். வீட்டுக்காரர் ஒரு பிடியை அள்ளி முகர்ந்தார். கிரீஸ் மனுஷன், அவர் முகமே மாறிப்போனது.

"ஏய், மழை பெஞ்ச மண்ணு மாதிரி இருக்குடி!"

கொழுந்தனும் அள்ளினான். அன்றைக்குக் குழாயடியில் நின்று வாந்தி எடுத்தவன் இன்றைக்கு இரண்டு கையாலும் அள்ளி முகர்ந்து, "அண்ணி, சூப்பர் அண்ணி" என்றான். ஓரகத்தி கண்ணை மூடிக்கொண்டு நீளமாக ஒரு மூச்சு இழுத்தாள். அவள் மூக்குக்கு இது பரிசு. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அவர்கள் மூன்று பேரும் ஒரு அறைக்குள் இருப்பது போலவும், நான் மட்டும் வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பது போலவும் இருந்தது. என் கையால் செய்தது. எனக்கு மட்டும் அது என்னவென்று தெரியாது.

"இந்தாங்கக்கா, நீங்களும் பாருங்க" என்று அவள் என் உள்ளங்கையில் ஒரு பிடி வைத்தாள். வைத்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது, நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவள் வருத்தப்படக் கூடாதே என்று, மோந்து பார்ப்பது போல மூக்கருகே கொண்டுபோனேன்.

பொளேர் என்று ஒன்று அடித்தது.

என்னவென்று சொல்ல? டயர் எரிந்த மாதிரி, அதற்குள் ஒரு சாக்கடை திறந்த மாதிரி. தொண்டை வரைக்கும் இறங்கியது. கையை உதறினேன், இரண்டு எட்டு பின்னால் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டேன்.

"சீ! நாறுது!"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். "அதெல்லாம் இல்லடி, நல்லாத்தான் இருக்கு" என்றார் வீட்டுக்காரர், தன் பிடியை இன்னொரு தடவை முகர்ந்துவிட்டு. "ஆமா அண்ணி, சுத்தமா நாறவே இல்லையே" என்றான் கொழுந்தன், என்னைச் சமாதானப்படுத்துகிறவன் மாதிரி.

"நாறுதுங்க! கொடலைப் புரட்டுது!"

ஓரகத்தியின் கண்ணில் நீர் ததும்பியதை நான் பார்த்தேன். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. மூவருக்கும் மணக்கும் மண் எனக்கு மட்டும் நாறுகிறது. நாறுகிறது! அப்படியே தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் அந்த உரத்தை அள்ளி முகத்தில் வைத்துக்கொண்டேன். குமட்டியது. எடுத்தேன், மறுபடி வைத்தேன். மறுபடியும் குமட்டியது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, மூக்கு ஒழுகியது. ஒழுகினால் ஒழுகட்டும்.

"நாறுதுடி, மோப்பக்காரி! எனக்கு நாறுதுடி!"

"நாறட்டும்க்கா, நல்லா நாறட்டும்" என்று அவளும் என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து வீட்டுக்குள் ஓடினாள். அடுக்களையில் இருந்ததெல்லாம் கொல்லைக்கு வந்தது. காப்பித்தூள் நாறியது, தீய்ந்த ரப்பர் மாதிரி. வெங்காயம் நாறியது. எலுமிச்சம்பழத்தில் ஒன்றும் இல்லை. சோப்பில் ஒன்றும் இல்லை. வீட்டுக்காரர் தன் தோளை நீட்டினார், அதிலும் ஒன்றும் இல்லை. "அப்ப நான்தான் இந்த வீட்லயே சுத்தமான ஆளு" என்று பெருமைப்பட்டுக்கொண்டார்.

ஓரகத்தி டாக்டருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள். எல்லாமே தப்புத் தப்பாக நாறுகிறது, கெட்டுவிட்டதா என்று கேட்டேன். "கெடலம்மா, முழிக்குது" என்றார் அவர். "பல பேருக்கு இப்படித்தான் திரும்பும். மொதல்ல கோணலா வரும், போகப் போக நேராகும். கொஞ்ச மாசம் பொறுத்துக்கணும். நல்ல அறிகுறிதான்."

அறிகுறி என்ற அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு. அடுத்து மேடத்துக்குப் போட்டேன். அவசரத்தில் யார் யாருக்கோ போனது, அவள்தான் பிடுங்கிச் சரியாகப் போட்டுத் தந்தாள்.

"மேடம், மூக்கு வந்துருச்சு."

"அப்படியா! என்ன வாசனை தெரியுது?"

"வாசனை இல்ல மேடம். எல்லாமே நாறுது."

டாக்டர் சொன்னதை மூச்சு விடாமல் ஒப்பித்தேன். மேடம் சிரித்தது கேட்டது. அந்த அம்மாள் சிரித்து நான் அதிகம் கேட்டதில்லை.

"சரி, வர இருந்த ஆளை வேணாம்னு சொல்லிடறேன். நேராகுற வரைக்கும் அடுப்பும் பாலும் ஆயாம்மாதான், ஞாபகம் வச்சுக்கோ. நாளைக்கு நேரத்தோட வா."

போனை வைத்த பிறகு கொழுந்தன் விரிப்பிலிருந்த உரத்தைச் சாக்கில் வாரிப் போட்டான். ஓரகத்தி காலி டிரம்முக்குள் புதுச் சருகைப் பரப்பிக்கொண்டிருந்தாள். நான் சுவரில் சாய்ந்து, கறுப்பு அப்பிய உள்ளங்கையை மூக்குக்குக் கொண்டுபோவதும், முகம் சுளிப்பதும், மறுபடி கொண்டுபோவதுமாக இருந்தேன். இருட்டிக்கொண்டு வந்தது. எனக்கு எழுந்திருக்கவே மனம் வரவில்லை.

"போதும், கையக் கழுவிட்டு வா, சாப்பிடலாம்" என்றார் வீட்டுக்காரர்.

"நீங்க போங்க. இன்னும் கொஞ்ச நேரம் நாறட்டும்" என்றேன்.